செருப்பில ஊசி குத்தின கப்டன்

நான் படிச்சது ரெண்டாம் வகுப்பு. எழுத்துக்கூட்டித்தான் இதை எழுதுறன். பிழை இருந்தால் சிரியுங்கோ. நானும் ஊரைப் பார்த்து நிறையச் சிரிச்சனான்தானே.

என்ர பேத்தி போனில கதை எழுதுறவள். வானத்தில கப்பல் விட்டுச் சண்டை பிடிக்கிற ஒரு பட்டாளப் படம் டிவியில போகுது. அந்தப் படத்தில இல்லாத ஒரு கப்டன் பொம்பிளையைத் தானே உண்டாக்கி, அதுக்குள்ள விட்டு எழுதுறாள். பின்னேரத்தில எனக்கு வாசிச்சுக் காட்டுவாள். அந்தக் கப்டனுக்குக் குண்டும் படாது, நெருப்பும் சுடாது. பட்டாளப் பெரியவர் "திரும்பிப் போகாதை" எண்டு கட்டளை போட்டாலும் கேக்கமாட்டா. போய், விடுபட்ட ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திடுவா.

"எடியே, உது என்ன பட்டாளம்? சொல்லுக் கேக்காட்டித் தண்டனை இல்லையோ?" எண்டு கேட்டன். சண்டைக்காலத்தில இயக்கப் பொடியள் ஊர்ச்சனத்தையே நிரையில விட்டுப் பயிற்சி தந்தவை. "இடம் திரும்பு" எண்டால் நான் வேணுமெண்டு வலம் திரும்புவன். மைதானத்தைச் சுத்தி மூண்டு தரம் ஓடவிட்டவை. "உன்ர கப்டனையும் ஓடவிடு. அப்பதான் சனம் நம்பும்."

அவள் சிரிச்சாள். நான் அதோட விட்டிருக்கலாம்.

விசுவமடுவில எங்கட பக்கத்து வீட்டுப் பிள்ளை பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு. சடங்குக்கு முதல் நாள் பெண்டுகள் எல்லாம் முற்றத்தில கூடிப் பலகாரம் சுட்டனாங்கள். பேத்தி குசினிக்குள்ள தேங்காய் துருவிக்கொண்டிருந்தது எனக்கு மறந்துபோச்சு. எண்ணெய்ச்சட்டிக்கு முன்னால எழும்பி நிண்டு கப்டன் மாதிரி நடந்து காட்டினன்.

"வானத்தில கப்பல் விடுறாவாம். காலைப் பார்த்தால் வார் அறுந்த செருப்பு, ஊசி குத்தியிருக்காம்! நட்சத்திரத்தில ஒரு செருப்புக்கடை இல்லையோ?"

மச்சாள் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சா. "உன்ர வாய்க்கு அந்தக் கப்டனே தோத்துப்போவா!"

பேத்தி தேங்காய்ப்பூத் தட்டோட குசினி வாசலில நிண்டாள்.

"அம்மம்மா, அம்மா அண்டைக்கு அப்பிடித்தான் போனவா எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

ஓம். நான்தான் சொன்னனான். அவளின்ர தாய், என்ர மகள், கடைசிச் சண்டைக்குள்ள பால்மா வாங்கவெண்டு நாங்கள் பதுங்கிக் கிடந்த பங்கர்க் குழிக்குள்ளால வெளிக்கிட்டவா. செருப்பு வார் அறுந்துபோச்சு. என்ர சட்டையில கிடந்த ஊசியைக் கழட்டிக் குத்திக் குடுத்தனான். கைக்குழந்தையா இவள் என்ர மடியில கிடந்தாள். மகள் திரும்பி வரேல்லை.

ஊசி குத்தின கையாலதான் பணியாரம் சுட்டுக்கொண்டு அவாவை நக்கலடிச்சிருக்கிறன். ஒருத்தரும் சிரிக்கேல்லை. பணியாரம் கருகிப்போச்சு.

மூண்டு நாள் அவள் கதை வாசிக்கேல்லை. நாலாம் நாள் நானாப் போய் முன்னால குந்தினன்.

"வாசியன் பிள்ளை."

"மாத்தி எழுதியிருக்கிறன். நீங்கள் சொன்ன மாதிரி, சொல்லுக் கேக்காததுக்குக் கப்பலைச் சுத்தி மூண்டு தரம் ஓடவிட்டிருக்கு."

"வேண்டாமடி. ஓடவிடாதை. அந்தச் செருப்புத் தாங்காது."

இதுவும் பகிடியோ எண்டு என்ர முகத்தை வடிவாப் பார்த்தாள். என்ர வாயைத் தெரிஞ்சவள், பார்க்கத்தானே வேணும். நான் குனிஞ்சுகொண்டு இருந்தன்.

பிறகு, ஓடவிட்ட அந்த இடத்தை அழிச்சாள்.