தூக்கம் குறைத்த வீரன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். குனிந்து செருப்பு வாரை மாட்டினாலே மூச்சு வாங்குகிற உடம்பை வைத்துக்கொண்டு, நாற்பத்து மூன்று வயதில், பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்கிற கட்டிப்புரளும் சண்டைப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவன். நானாகக் கொடுத்திருந்தால் துணிச்சல் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். என்ன கேட்கிறார்கள் என்று விளங்காமல் தலையாட்டியதால் வந்த வினை இது. திருவனந்தபுரத்துக்கு வந்த இந்த நான்கு வருடமும், விளங்காத மலையாளத்துக்கெல்லாம் சிரித்தபடி தலையாட்டுவதுதான் என் வழக்கம். இப்படித் தலையாட்டியே ஒருமுறை எங்கள் அடுக்குமாடிச் சங்கத்துக்குப் பொருளாளர் ஆனேன். இன்னொரு முறை முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றேன்.

டொராண்டோவிலும் ஆஸ்லோவிலும் இருக்கும் என் சொந்தக்காரர்கள் புலம்பெயர்ந்த துயரத்தை எழுதினால் அதில் பனி பெய்கிறது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பாளையங்கோட்டையில் காலைப் பலகாரத்தை முடித்துவிட்டு ரயிலேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்து சேர்ந்துவிடலாம். அதே தேங்காய், அதே வாழை, அதே பிள்ளையார். பாஷைகூடப் பாதி அதேதான். அந்தப் பாதிதான் ஆளைக் கொல்கிறது. பனி பெய்கிற ஊரில் ஒரு சொல் விளங்கவில்லை என்றால், விளங்கவில்லை என்பதாவது விளங்கும். இங்கே எல்லாமே விளங்கிவிட்டது போலவே இருக்கும். எங்கள் கட்டடத்துக் காவலாளி சுகுமாரன் சேட்டன் தினமும் காலையில் வாசல் கதவைத் திறந்தபடி, “சாரே, கழிச்சோ?” என்பார். சாப்பிட்டாயா என்று பிரியமாகக் கேட்கிறார். வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. நான் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவன். எனக்குக் கழித்தல் என்றால் பத்திலிருந்து மூன்றை எடுப்பது. அதைவிட்டால் காலையில் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு செய்கிற காரியம். இந்த இரண்டில் எதைப் பற்றி ஒரு காவலாளி இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறார் என்று குழம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று, “ஆச்சு, நல்லபடியா ஆச்சு” என்றேன்.

ஜியு-ஜிட்சுவுக்குள் நான் விழுந்ததும் இப்படித்தான். அதைக் கற்றுக்கொள்ளப் போனது என் மகள் கயல்விழி. பன்னிரண்டு வயது. கரமனையில் ஒரு டயர் கடைக்கு மேலே நடக்கும் வகுப்பு. மாலையில் அவளைக் கூட்டிப்போய் ஓரத்தில் உட்கார்ந்து கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பேன். ஒருநாள் பயிற்சியாளன் ஷிபு என்னிடம் வந்து, “அண்ணாச்சி கூடுன்னோ?” என்றான். இங்கே தமிழன் என்றால் எல்லோரும் அண்ணாச்சிதான். பிள்ளையோடு கூட வந்திருக்கிறீர்களா என்று கேட்கிறான் என நினைத்துத் தலையாட்டினேன். நீங்களும் சேர்கிறீர்களா என்று கேட்டிருக்கிறான். அடுத்த நிமிடம் சாக்குத்துணி கனத்தில் ஒரு வெள்ளைச் சட்டையும் இடுப்புப் பட்டையும் என் மடியில் இருந்தன. கயல் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இந்தச் சண்டையில் அடி, உதை கிடையாது. எதிராளியைக் கீழே தள்ளி, சட்டைக் கழுத்தைப் பிடித்து இறுக்கியோ கையை முறுக்கியோ வழிக்குக் கொண்டுவர வேண்டும். தாங்க முடியாதவன் இரண்டு தட்டுத் தட்டினால் தோற்றதாக அர்த்தம். தட்டுவதில் நான் சீக்கிரமே தேறினேன். ஷிபு நேரம் முடிந்ததும் “மதி!” என்று கத்துவான். போதும் என்று பொருள். மலையாளத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொல் அதுதான். அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே வாரத்தில் மூன்று நாள் போனேன். அப்படிப் போன ஒருநாள் ஷிபு எதையோ கேட்க, வழக்கம்போலத் தலையாட்டினேன்; போட்டிப் பட்டியலில் என் பெயர் ஏறிவிட்டது.

கயல் இங்கே வந்தபோது அவளுக்கு எட்டு வயது. பாளையங்கோட்டைத் தமிழைப் பை நிறையக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைத்துக்கொண்டு வேறு பாஷை கொடுத்தது. தோழிகள் அவளைக் ‘காயல்’ என்கிறார்கள். கண்ணாக இருந்தவள் உப்பங்கழி ஆகிவிட்டாள். தினமும் சாயங்காலம் ஊரிலிருந்து அப்பா போன் செய்வார். “சாப்பிட்டியாலே?” என்று எனக்கு ஒரு கேள்வி, “பிள்ள எங்கலே?” என்று இன்னொரு கேள்வி. பிள்ளை இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை என் கையில் திணித்துவிடும். வெளியூர் ஆட்களுக்குச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் ‘டேய்’ என்பது ‘லே’தான், என் அப்பா அது இல்லாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க மாட்டார். அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவருக்கு ‘லே’ போட்டுப் பேச ஆளும் இல்லை. பெரிய லீவுக்குப் பேத்தியைக் கொண்டுவந்து விடு என்று மூன்று வருடமாகக் கேட்கிறார். மூன்று வருடமும் ஏதோ ஒரு முகாம், ஏதோ ஒரு தோழியின் பிறந்தநாள்.

இந்த வருடமும் கேட்டுப் பார்த்தேன்.

“அங்க எனக்கு ஆரும் இல்லப்பா. தாத்தா ஸ்பீடா பறயுது, பாதி மனசிலாகல்ல.”

“மனசிலாகற வரைக்கும் இருந்து பாரேன்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அப்பா டோர்ணமெண்டில ஒரே ஒரு களி ஜெயிங்க. நான் வரேன். தோத்தா, என் ஃபிரண்ட்ஸ் முன்னாடி இனி மலையாளம் மிண்டப்படாது.”

களி என்றால் ஆட்டம். மிண்டுவது என்றால் வாய் திறப்பது. அடுக்களையிலிருந்து என் மனைவி செல்வி குரல் கொடுத்தாள்: “ரயிலுக்கு டிக்கெட்டு கிக்கெட்டு எடுத்துராதீங்க. ரத்து பண்ணினா பாதிதான் திரும்ப வரும்.”

அன்று சாயங்காலம் அப்பாவிடம் பந்தயத்தைச் சொன்னேன். “நீயாலே சண்ட போடப் போற?” என்றார். அவருடைய சந்தேகத்தில் நியாயம் உண்டு. என் சண்டைகள் எல்லாவற்றையும் முடித்து வைத்தவர் அவர்தான். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். பின்படியில் நின்று அவர் கொடுக்கும் குரலுக்கு, நிரம்பி வழியும் வண்டியிலும் ஓட்டுநர் கட்டுப்படுவார். நான் தெருமுனையில் எவன் தலைமுடியையாவது பிடித்து உலுக்கிக்கொண்டிருப்பேன். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அப்போது பார்த்து வீட்டு வாசலிலிருந்து, “விடுலே!” என்று ஒரு சத்தம் வரும். நான் யோசித்து விடுவதில்லை. கை தானாகத் திறந்துகொள்ளும். விடுபட்டவன் ஓடும்போது எனக்கு ஒன்று வைத்துவிட்டுப் போவான். எங்கள் தெருவில் நான் யாரையும் வென்றதாகச் சரித்திரம் இல்லை.

போட்டிக்கு முன்பு ஷிபு என்னை எடை பார்க்கும் கருவியில் ஏற்றினான். நான் பெயர் கொடுத்த பிரிவின் வரம்பைத் தாண்டி முள் நின்றது. “அண்ணாச்சி, இனி ஒரு ஆழ்ச்ச. தூக்கம் குறைக்கணம்” என்றான். ஆழ்ச்ச என்றால் வாரம், அது எனக்குத் தெரியும். தூக்கம் பிறந்ததிலிருந்தே தெரிந்த சொல். வீரர்கள் குறைவாகத்தான் தூங்குவார்கள்போலும் என்று நினைத்து, மறுநாளே விடியாமல் எழுந்து உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் மிக்சர் சாப்பிட்டேன். அடுத்த நாள் இன்னும் முன்னதாக எழுந்தேன், முறுக்கு. விழித்திருக்கும் மனிதனுக்குப் பசி அதிகம் என்பதை அந்த நாட்களில்தான் கண்டுகொண்டேன். போதாக்குறைக்கு, எதிர்வீட்டு டீச்சர் என் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்து இரங்கி, கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கொடுத்து அனுப்பினார். அலுவலகத்தில் ஒருவரின் வரவுகளைச் செலவுப் பக்கத்தில் ஏற்றிவிட்டு, அதன்மேலேயே தலை வைத்துத் தூங்கினேன்.

வாரத்தின் நடுவில் ஷிபு மறுபடி எடை பார்த்தான். “எந்தரு அண்ணாச்சி இது! தூக்கம் கூடியல்லோ!”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “சத்தியமா இல்ல ஷிபு. ராத்திரி முழுக்க முழிச்சுத்தான் கெடக்கேன். செல்விகிட்ட கேட்டுப் பாரு.”

ஷிபு என் கண்களைப் பார்த்தான். கருவியைப் பார்த்தான். உதவிக்குக் கயலைப் பார்த்தான். அவள் பட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, “அப்பா, தூக்கம்னா வெயிட்டு! தூங்குறதுக்கு இங்க உறக்கம்!” என்றாள். உறக்கம் நம் சொல்தானே, அதை எப்போது இவர்கள் எடுத்துப்போனார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். டயர் கடைக்காரர் வரை மேலே ஏறி வந்து சிரித்துவிட்டுப் போனதால் கேட்கவில்லை.

மிச்சமிருந்த நாட்களில் நான் இரண்டு மொழிகளுக்கு நடுவே பட்டினி கிடந்தேன். மலையாளத்தில் கழிப்பது சாப்பிடுவது. தமிழில் கழிப்பது குறைப்பது. “சாரே, கழிச்சோ?” என்று சுகுமாரன் சேட்டன் கேட்க, “கழிச்சுக்கிட்டே இருக்கேன் சேட்டா” என்று உண்மையைச் சொன்னேன். அவர் என் ஒட்டிய கன்னத்தைப் பார்த்து, ஒரு மனுஷன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தும் இப்படி இளைக்கிறானே என்று கவலைப்பட்டிருக்க வேண்டும். மறுநாள் ஏதோ லேகியத்தின் பெயரைச் சொன்னார். தலையாட்டினேன்.

போட்டி நகரத்துக்கு வெளியே ஒரு கல்லூரியின் உள்ளரங்கில் நடந்தது. எச்சில் விழுங்கினால்கூட எடை கூடிவிடும் என்று பயந்து, வாயைத் திறந்தபடியே கருவியில் ஏறினேன். முள் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு ஆட்டம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு வாய்த்த எதிராளி கொச்சியிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவர். என்னைவிடப் பயந்திருந்தார். ஷிபு வேறொரு மாணவனுடைய ஆட்டத்துக்கு ஓட வேண்டியிருந்ததால், விரிப்பின் ஓரத்தில் பயிற்சியாளருக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் கயல் உட்கார்ந்தாள். கால் தரையில் முழுதாகப் பதியவில்லை. முகம் மட்டும் ஷிபுவைவிடக் கடுமையாக இருந்தது.

நம்புங்கள், நான் நன்றாகத்தான் ஆடினேன். டாக்டர் என்னைக் கீழே தள்ள வந்தார். பயத்தில் நானே விழுந்தேன். விழும்போது அவருடைய சட்டையைப் பிடித்திருந்ததால் அவரும் வந்து என் கால்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டார். மாதக்கணக்காகப் பழகிய ஒரே ஒரு பிடி எனக்கு உண்டு. இரண்டு கையையும் குறுக்காகப் போட்டுக் கழுத்துத் துணியைப் பற்றி இறுக்குவது. கை போய்ப் பற்றிவிட்டது. இறுக்கினேன். அவர் முகம் செம்பருத்தி நிறத்துக்கு மாறியது. தட்டுவதற்காக அவருடைய வலது கை மெதுவாக மேலே எழுந்ததைப் பார்த்தேன். அந்தக் கையில் எனக்குப் பாளையங்கோட்டை தெரிந்தது. அப்பாவும் பேத்தியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது தெரிந்தது. அப்போதுதான் ஓரத்திலிருந்து கயல் எழுந்து நின்று, நெஞ்சு வெடிக்கக் கத்தினாள்:

“விடல்லே! அப்பா, விடல்லே!”

மலையாளத்தில் ‘விடல்லே’ என்றால் விட்டுவிடாதே, கெஞ்சிக் கேட்கிறேன் என்று அர்த்தம். வகுப்பில் ஷிபு நூறு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். உட்கார்ந்து யோசித்தால் எனக்குத் தெரியும். ஆனால் மூச்சு முட்டக் கிடக்கிறவன் காதில் அது உட்கார்ந்து யோசித்து ஏறவில்லை. சொந்த ரத்தத்தின் குரல்; கடைசியில் ஒரு ‘லே’. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய தெருமுனையில் என் கை தானாகத் திறந்துகொண்டது.

விடுபட்டவர் இந்த முறை ஓடவில்லை. என் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். நேரம் முடியும்வரை அங்கேயே இருந்து புள்ளிகளை வாங்கினார். எழுந்த பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கி, “தேங்க்ஸ் சேட்டா. ஞான் டாப் செய்யான் போவாயிருன்னு” என்றார். தட்டப் போனேன் என்கிறார். நன்றாக விளங்கிய மலையாள வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

கயல் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். பந்தயத்தில் தோற்ற பிறகு மலையாளம் பேச எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்குத் தமிழ் பேசப் பிடிக்கவில்லை. ஆட்டோவில் இரண்டு மொழிகளும் ஓய்வெடுத்துக்கொண்டு வந்தன. பழவங்காடி கணபதி கோயில் பக்கம் நெரிசலில் நின்றபோது அப்பாவின் போன் வந்தது. விரல்கள் மடங்காததால் ஒலிபெருக்கியில் போட்டு மடியில் வைத்தேன்.

“என்னலே ஆச்சு?”

“தோத்துட்டேம்ப்பா.”

“அடி கிடி பட்டுச்சா?”

“இல்லப்பா.”

வெளியே யாரோ வேண்டுதலுக்குத் தேங்காய் விடலை போடும் சத்தம் வரிசையாகக் கேட்டது. “அப்பம் பிள்ள வராது, என்ன?” என்றார் அப்பா. அவர் குரல் பேருந்தின் பின்படியில் கேட்ட குரலாக இல்லை. “சரி, விடுலே” என்றார். வைத்துவிட்டார்.

அதுவரை வெளியே பார்த்துக்கொண்டிருந்த கயல் திரும்பினாள். “அப்பா, தாத்தா எதுக்கு ‘விடல்லே’ன்னு சொல்லுது? எத விடாண்டாம்?”

தாத்தாவின் பாஷையும் பேத்தியின் பாஷையும் ஓரளவு தெரிந்த ஒரே ஆள் அந்த ஆட்டோவில் நான்தான். திருத்திச் சொல்லியிருக்கலாம். விட்டுவிடு என்றுதான் சொன்னார், உன்னைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று சொன்னார் என்று விளக்கியிருக்கலாம். ஆனால் கைக்கு வந்த பிடியை ஒரே நாளில் இரண்டாவது தடவை விடுகிற அளவுக்கு நான் பெரிய முட்டாள் இல்லை.

“உன்னத்தான்” என்றேன்.

ஆட்டோ கிழக்கேகோட்டையைத் தாண்டும்வரை அவள் என் வீங்கிய விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்:

“ஒரு ஆழ்ச்ச. அது மதி.”