கெண்டைக்கு வந்த அம்மை

அம்மை வார்த்துப் பிழைத்தவள் நான், முகமெல்லாம் தழும்பு. யுத்தகாலத்து மார்கழி ஒன்றில், ஏலாக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர்க் குளத்துக் கெண்டைகளின் மேல் வெள்ளைத் தடிப்புகள் கிளம்பின.

“இவ குளிச்சுத்தான் மீனுக்கு அம்மை வந்துட்டு. இனிமே இவ எறங்கக் கூடாது,” என்றார் நாட்டாமை.

அம்மை என்றால் வேப்பிலைதானே? ஊரே வெட்டி வந்து குளத்தில் கொட்டியது. பயந்துபோய் நானும் ஒரு கட்டுப் போட்டேன். இலை அழுகித் தண்ணீர் நாறியது. நோயில் சாகாத மீன் மூச்சுமுட்டிச் செத்து மிதந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. குளத்தில் இறங்கி உயிரோடிருந்த ஒரு கெண்டையைப் பிடித்துத் தடவினேன். அம்மை முத்தில் நீர் கோக்கும். இதுவோ மெழுகுவர்த்தி உருகிச் சொட்டினாற்போல் கெட்டியாக, வழவழவென்று இருந்தது.

“இது அம்மை இல்லைங்க. அம்மையப் பட்டவ நான் சொல்றேன். இலைய அள்ளுங்க, வாய்க்காத் தண்ணிய வுடுங்க, நெருக்கியடிச்சுக் கெடக்குற மீனப் புடிச்சுக் கொறைங்க. தானா மறைஞ்சிடும்.”

ஒருவரும் அசையவில்லை. கரையிலேயே அடுப்பு மூட்டி, அந்தக் கெண்டையைக் குழம்பு வைத்து, அத்தனை பேர் எதிரிலும் தின்றேன். மறுநாளும் கல்லுக்குண்டாட்டம் வந்து நின்றேன். அப்புறம்தான் இலையை அள்ளினார்கள்.

பங்குனி வெயிலில் தடிப்பெல்லாம் மறைந்தது. நாட்டாமை கரைக்கு வந்து, “இனிமே நீ எறங்கலாம்,” என்றார்.

கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபடி, “நான் எப்பங்க ஏறுனேன்?” என்றேன்.

தழும்பை நான் மறைப்பதில்லை. பயந்து போட்ட அந்த ஒரு கட்டு வேப்பிலைதான் இன்றும் உறுத்துகிறது.