துணைக்குப் போனவன்

பொதட்டூர்பேட்டையில் பரந்தாமன் வீடு எது என்று கேட்டால், "தாலியறுத்த தங்கச்சிய வெச்சிக் காப்பாத்துறாரே, அவரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஊர் வாயில் நல்ல பெயர் வாங்குவது லேசில்லை. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் பரந்தாமன் தலையைக் குனிந்துகொள்வான். அடக்கம் என்று ஊர் நினைத்துக்கொண்டது. ஊருக்கு எப்போதும் பாதிதான் தெரியும்.

1968இல் அவன் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டுக் குழித்தறியில் உட்கார்ந்திருந்தான். தறி அவனுக்குப் பிடிக்கவில்லை. காலையில் இறங்கினால் இருட்டும்வரை இடுப்புக்குக் கீழே உடம்பு குழிக்குள் கிடக்கும். அதிலிருந்து ஏறி வர அவனுக்குத் தெரிந்த ஒரே வழி ராணுவம். சிக்னல் பிரிவுக்கு ஆள் எடுக்கும் எழுத்துப் பரீட்சை அடுத்த ஆண்டு சென்னையில் நடக்கவிருந்தது. வயதுக் கணக்குப்படி அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. கணக்குப் பாடம் ஒருவாறு வந்தது. பொது அறிவுதான் பயமுறுத்தியது.

சென்னை மூர் மார்க்கெட்டிலிருந்து பழைய பொது அறிவு வழிகாட்டி ஒன்றை ஆள் மூலம் வரவழைத்தான். எழுநூறு கேள்விகள். ஆனால் கையும் காலும் தறியில் இருக்கப் புத்தகத்தை எங்கே பிடிப்பது? அதற்குத்தான் கோதண்டபாணி வந்தான். தங்கை வரலட்சுமியின் புருஷன், மச்சானைப் பாவா என்று கூப்பிடுகிறவன். தாய் தகப்பன் இல்லாதவன், வீட்டோடு மாப்பிள்ளை. அவனும் பள்ளிக்கூடம் முடித்தவன். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே, மடியில் விரித்த புத்தகத்திலிருந்து கேள்வி கேட்பான். இவன் நாடாவைத் தள்ளி, மிதியை மிதித்து, பலகை அடிக்கும் அடியோடு சேர்த்துப் பதில் சொல்வான்.

"மலேரியா எந்தக் கொசு, பாவா?"

"அனாபிலிஸ்."

"போர்க்களத்துல குடுக்கற பெரிய விருது?"

"பரம்வீர் சக்ரா."

தினமும் முதல் பக்கத்தில் தொடங்கி வரிசை தப்பாமல் கேட்டுக்கொண்டு போனார்கள். ஆறு மாதத்தில் கோதண்டபாணி கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்து விழுந்தது. பிறகு கேள்வியே வேண்டியிருக்கவில்லை, தறிச் சத்தம் போதும். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். இதுதான் படிப்பு என்று இரண்டு பேரும் மனதார நம்பினார்கள், பாவம்.

விண்ணப்பம் போடும்போது பரந்தாமன் கோதண்டபாணிக்கும் சேர்த்து இரண்டாக வாங்கினான். சென்னை அவனுக்குப் பழக்கமில்லை, தனியாகப் போகப் பயம். வரலட்சுமி அப்போது முழுகாமல் இருந்தாள்.

"அவர எதுக்குண்ணா இழுக்கற?" என்றாள்.

"சும்மா தொணைக்குத்தாம்மா. கல்யாணம் ஆனவன எடுக்கவே மாட்டாங்க. பத்தரமா கூட்டிகினு வந்துடறேன்."

"வாக்கு குடு."

கொடுத்தான். திருத்தணியில் ரயில் ஏறும்போது சிரித்துக்கொண்டேதான் ஏறினார்கள்.

பரீட்சை அறையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. வினாத்தாளில் பாதிக்கு மேல் அவர்கள் படித்த கேள்விகள்தான், ஆனால் முன்னும் பின்னுமாக இருந்தன. பரந்தாமனுக்கு ஒன்றும் நினைவில் எழவில்லை. ஒரு பதிலைப் பிடிக்க வேண்டுமென்றால் மனதுக்குள் முதல் கேள்வியிலிருந்து ஓடிவர வேண்டியிருந்தது. மேசைக்கு அடியில் கால்கள் தாமாக மிதித்துப் பார்த்தன. பதினெட்டுக் கேள்வி எழுதுவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். ஒவ்வொரு கேள்வியையும் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கேட்டவன் கோதண்டபாணி. அவன் எல்லாவற்றையும் எழுதிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான்.

தேறியவர் பட்டியலில் கோதண்டபாணியின் பெயர் இருந்தது. உடற்சோதனையிலும் தேறினான். கல்யாணமானவனா என்று யாரும் கேட்கவில்லை. உத்தரவு வந்த அன்று தறிக்கூடத்தில் அவன் தயங்கி நின்றான்.

"பாவா, இது உன்னோட ஆச. எனக்கு வாணாம். நீ ஒரு வார்த்த சொன்னா போவல."

'போகாதே' என்று சொல்லியிருக்கலாம். அதற்கு மூச்சு எவ்வளவு செலவாகும்? ஆனால் தான் ஒரு வருடமாக உயிரை விட்டுப் படித்தும் கிடைக்காததை, இவன் எனக்கு வேண்டாம் என்று தூக்கிப் போடுகிறானே என்று பரந்தாமனுக்கு வயிறு எரிந்தது.

"வந்த வேலைய யாரனா வுடுவாங்களா? போ," என்றான்.

தங்கையிடம் வேறு மாதிரிச் சொன்னான். "ஒத்தக்கால்ல நிக்கிறாரும்மா. எவ்ளோ சொல்லியும் கேக்கல."

மகள் வள்ளிநாயகியைக் கோதண்டபாணி ஒரே ஒரு லீவில் வந்து பார்த்துவிட்டுப் போனான். 1971 டிசம்பரில், சண்டை முடிந்துவிட்டது என்று ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்த மறுநாள் தந்தி வந்தது. மேற்கு எல்லையில் டெலிபோன் கம்பி இழுக்கப் போன இடத்தில் குண்டு விழுந்ததாம். உடம்புகூட ஊர் வந்து சேரவில்லை.

பரந்தாமன் தறியை விட்டு எங்கும் போகவில்லை. கல்யாணம் வேண்டாம் என்றான். தங்கைக்கும் குழந்தைக்கும் ஒரு குறை வைக்கவில்லை. ஊர் மெச்சியது. அந்த மெச்சல் அவனை உள்ளே அரித்தது.

பென்ஷனுக்காக வரலட்சுமி வருடத்துக்கு ஒருமுறை திருத்தணி கருவூலத்துக்குப் போய், உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். பரந்தாமனும் கூடவே போவான். 1984இல் அப்படிப் போனபோது, வரிசையில் நின்ற ஜெயம்மாள் என்கிற இன்னொரு கைம்பெண், "உனுக்கு வாச்ச மாரி ஒரு கூடப்பொறந்தவன் எனுக்கு இல்லியே," என்று வரலட்சுமியிடம் சொல்லி அழுதாள். பரந்தாமனால் அங்கே நிற்க முடியவில்லை.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் சொல்லிவிட்டான்.

"அவரு போவலன்னுதாம்மா சொன்னாரு. நான்தான் போன்னு அனுப்பிச்சேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

வரலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும். மொதோ கடுதாசியிலயே எழுதியிருந்தாரு. 'உங்கண்ணன் நம்ம நல்லதுக்குதான் போன்னு சொன்னாரு, அவுரு மேல கோவிச்சிக்காத'ன்னு."

"அப்போ இத்தினி வருஷமா ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டுட்டு எங்க போறது? நம்மளப் பெத்த நைனாவும் செத்துப் போயிட்டாரு. பொட்டப்புள்ளய தூக்கிகினு தனியா குடியிருந்தா ஊரு சும்மா வுடுமா? உன் வூடுதான இருந்திச்சி."

ஆர்.கே.பேட்டை பஸ் ஒன்று வந்து நின்று போனது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அந்தக் கடுதாசி வந்ததுலேருந்து உன்ன நான் அண்ணான்னு கூப்ட்டிருக்கனா? யோசிச்சிப் பாரு."

பரந்தாமன் யோசித்தான். சாப்பிட வரலாம் என்பாள். ஆள் வந்திருக்கிறது என்பாள். பிள்ளையிடம், மாமாவைக் கூப்பிடு என்பாள். பதினாலு வருடத்தில் அவள் அண்ணா என்று கூப்பிட்டது ஒரு தடவைகூட அவனுக்கு நினைவுக்கு வரவில்லை.