ஏரிக்கரை காட்டேஜும் என் திறக்காத வாயும்

காட்டேஜில் அறை சுத்தம் செய்யும் வேலையில் கஷ்டமானது பாத்ரூம் கழுவுவது இல்லை, வந்தவங்க கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதுதான். நாலு பேர் எதிரில் பேச வராத என்னை மாதிரி ஆட்கள் இதைப் படித்தால் தலையை ஆட்டுவீங்க. நான் ஏழாவது வரைக்கும்தான் படித்தேன். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஏரிக்கரையில் இருக்கிற காட்டேஜுகளை நானும் கலாக்காவும்தான் பார்த்துக்கொள்கிறோம். கலாக்கா சூப்பர்வைசர். நான் கான்ட்ராக்ட்.

பாக்க என்ன இருக்கு?

சேர்ந்த புதுசில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்தம்மா வாசலில் நின்றுகொண்டு, "இங்க பாக்க என்னம்மா இருக்கு?" என்று கேட்டாங்க. எதிரிலேயே ஏரி. பெடல் படகு. அக்கரை மரத்தில் துணி காயப்போட்ட மாதிரி கொக்கு. அதற்குப் பின்னால் பவர் ஹவுஸ் புகைபோக்கி. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, வாய்க்கு வரவில்லை. கடைசியில், "பாத்ரூம்ல ஹீட்டர் இருக்குங்க" என்றேன்.

அந்தம்மா பையைக் கீழே வைத்தாங்க. "சரிம்மா, ஆனா அதப் பாக்க நாங்க சென்னையிலேருந்து வரல."

கரண்டுத் தண்ணி

அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் அழுதேன். அவர் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. "இதுக்கா அழுவுற? ஏரி கதையச் சொல்லு" என்று சொல்லிக்கொடுத்தார். கரண்டு எடுக்க நிலக்கரி வெட்டுகிற சுரங்கத்துக்கு அடியிலிருந்து தண்ணி பீச்சிக்கொண்டே இருக்குமாம். இறைக்காமல் விட்டால் சுரங்கமே முழுகிப்போகுமாம். இறைத்த தண்ணியைக் கால்வாயில் விட்டு, அது வந்து தேங்கினதுதான் இந்த ஏரி. ஒரு காலத்தில் இங்கே முந்திரிக்காடுதான் இருந்ததாம். அடுப்படியில் நின்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் ஆட்கள் வந்தாங்க. படகில் ஏற ஒரு வயசான அம்மா கால் எடுத்து வைக்கிற நேரம் பார்த்து எனக்கு தைரியம் வந்துவிட்டது. ஆனால் பாதிக் கதைதான் வந்தது. "இது கரண்டு எடுக்கிற எடத்துலேருந்து வர்ற தண்ணிங்க" என்றேன். அந்தம்மா வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாங்க. மகன் எவ்வளவோ சொல்லியும் கடைசி வரைக்கும் ஏறவே இல்லை.

"நீங்க போயிட்டு வாங்க கண்ணு, நா ரப்பர் செருப்புகூட போட்டுட்டு வரல."

பதினெட்டாவது பிளாக் பலாப்பழம்

வெளிநாட்டில் வேலை பார்க்கிற ஒருத்தர் தனியாக வந்தார். ஏரிக்கரை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர் அவரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டார். இந்த டவுன்ஷிப்பில் பிறந்தவங்களை மடக்குகிற கேள்வி இதுதான். அவர் யோசித்து, "அப்பாவுக்குத் திருநெல்வேலி, அம்மாவுக்கு சேலம், எனக்குப் பதினெட்டாவது பிளாக்" என்றார்.

மத்தியானம் அவர் வளர்ந்த குவார்ட்டர்ஸைப் பார்க்கப் போனார். அங்கே இப்போது வேறு குடும்பம். அவர் சின்ன வயசில் வைத்த பலா மட்டும் அப்படியே நிற்கிறதாம். அந்த வீட்டம்மா ஒரு பழுத்த பழத்தையே அறுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டாங்க. குழந்தையைத் தூக்குகிற மாதிரி தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஏசி ரூமுக்குள் பலாப்பழம் கூடாது என்பது எங்கள் காட்டேஜ் சட்டம். சொல்லணும் என்று கிட்டே போனேன். அவர் கண் கலங்கி இருந்தது. கதவைத் திறந்துவிட்டேன்.

அவர் போன பிறகு பார்த்தால் மெத்தை விரிப்பு முழுக்கப் பால் பிசின். ரூம் முழுக்க வாசனை. கலாக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் வாயே திறப்பதில்லை என்று ஏற்கெனவே மேலிடத்தில் புகாராம். என்னை ஆர்ச் கேட் பக்கம் இருக்கிற விடுதிக்கு ராத்திரி ஷிப்டுக்கு மாற்றப் பேச்சு நடக்கிறதாம். என் வீட்டுக்காரருக்கும் ஷிப்டு மாறி மாறி வரும். நானும் ராத்திரி போனால் எங்கள் நாலு வயசு மகள் யாழினியை யாரிடம் விடுவது?

"நானும் எத்தினி நாளைக்கிடி உனக்கும் சேத்து பேசிகினு இருப்பேன்?" என்றாங்க கலாக்கா.

வெக்கேட்

போன மாசம் ஒரு ரிட்டயர்டு ஐயாவும் அம்மாவும் வந்தாங்க. இப்போது பெங்களூரில் மகன் வீட்டில் இருக்காங்களாம். ஐயாவுக்குக் காது சரியாகக் கேட்காது. ரெண்டு நாளும் சாயங்காலம் ஏரியைச் சுற்றி நடந்தாங்க. கிளம்புகிற காலையில் நான் விளக்குமாறோடு போனால், ரூம் ஏற்கெனவே பெருக்கித் துடைத்திருக்கிறது. போர்வை மடித்திருக்கிறது. ஐயா என்னை உள்ளே கூப்பிட்டு ஃபேனைப் போட்டுக் காட்டினார். லைட்டைப் போட்டுக் காட்டினார். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து, மூடி, "ஒழுகல பாரு" என்றார். ஹீட்டரையும் விடவில்லை. அப்புறம் சாவியை நீட்டிக்கொண்டு நின்றார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் நகரவே இல்லை.

அந்தம்மாதான் மெதுவாகச் சொன்னாங்க. இங்கே எல்லாம் கம்பெனி வீடுதானே. ரிட்டயர் ஆனால் வெக்கேட் பண்ணணும். ஃபேன், லைட், குழாய் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஆள் வந்து பார்த்து, 'நோ டியூ', பாக்கி எதுவும் இல்லை என்று சொன்னால்தான் முடிந்தது. "எங்க வூட்டுக்கு வந்த ஆளு ஒரு வார்த்த பேசலம்மா. சாவிய வாங்கிகினு போய்ட்டான். இவரு அந்த வாசல்லயே நின்னுகினு இருந்தாரு. பஸ்சுக்கு நேரமாச்சின்னு நாந்தான் கையப் புடிச்சி இழுத்துகினு போனேன்."

நான் ஃபேனையும் குழாயையும் ஒருதரம் பார்த்தேன். "எல்லாம் சரியா இருக்குங்க ஐயா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. "என்னம்மா?" இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். காதில் கையை வைத்துக்கொண்டு மறுபடியும், "என்னம்மா?" கண்ணை மூடிக்கொண்டேன்.

"எல்லாம் சரியா இருக்குங்க ஐயா! நோ டியூ! வூட்ட நல்லா வெச்சிருந்தீங்க! போயிட்டு வாங்க! எப்ப வேணா வாங்க!"

அக்கரையில் கொக்கெல்லாம் பறந்துவிட்டது. பக்கத்துக் காட்டேஜ் கதவுகள் திறந்தன. ஐயா கைகூப்பினார். வாசற்படியில் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். அந்தம்மாதான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. ஏதோ சண்டை என்று கலாக்கா மூச்சு வாங்க ஓடி வந்தாங்க. விஷயத்தைக் கேட்டுவிட்டு, அப்படியே போனை எடுத்து ஆபீசுக்குப் பேசினாங்க.

"சார், அந்தப் பொண்ணு பேச மாட்டாளாமேன்னு கேட்டீங்களே, உங்க ஆபீசு ஜன்னலத் தொறந்திருந்தா உங்களுக்கே கேட்டிருக்கும் சார், அவ இங்கியே இருக்கட்டும்."

இப்போதும் யாராவது இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் ஏரி, கொக்கு, பதினெட்டாவது பிளாக் பலாமரம் எல்லாம் சொல்லிவிட்டு, ஹீட்டரைக் கடைசியாகத்தான் சொல்கிறேன்.