முதுகுப்பைக்குள் தயிர்ச்சட்டி

எங்கள் மாமாவுக்குத் தன் முதுகின் மேல் அசாத்தியமான மரியாதை இருந்தது. எங்கள் ஊரான கிரானில், நெல் மில்லில் மூடை தூக்குகிறவர்களை நாட்டாமைகள் என்போம். அந்த நாட்டாமைகளில் அவர்தான் முதல் ஆள். லொறியிலிருந்து ஒரு மூடையை இழுத்து முதுகில் போட்டுக்கொண்டு, வாய் நிறைய வெற்றிலையோடு, வழியில் நிற்பவர்களிடம் சுகம் விசாரித்தபடியே போய் அடுக்கிவிட்டு வருவார். மில்லுக்கு வருகிற எவரும் அவரை ஒருமுறை வாய் பார்க்காமல் திரும்புவதில்லை. இதை எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான்.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்களில் குடும்பிமலையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். விறகுக்கும் தேனுக்கும் தொலைந்த மாட்டுக்குமாக எங்கள் ஆட்கள் சலித்துச் சலித்து ஏறிய மலையை, இவர்கள் ஆசைப்பட்டு வந்து ஏறுகிறார்கள் என்பது ஊருக்குப் பெரிய வேடிக்கை. அவர்களைக் கூட்டிவந்தவர் புளியந்தீவைச் சேர்ந்த ஓர் இளம்பெண். ஊருக்கு அவர் 'மிஸ்', எனக்கு அக்கா. கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வந்தபோது, சாமான் சுமக்க மாமாவையும் மில்லில் அவருடைய கூட்டாளிகள் இருவரையும், சமைக்க அம்மாவையும் பேசிவைத்தார். பள்ளிக்கூட விடுமுறை. என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆளில்லை. அதனால் ஒன்பது வயதில் எனக்கும் மலையேறும் பாக்கியம் கிடைத்தது.

உழவு இயந்திரம் எங்களை வயல்வெளியான வட்டையின் கடைசி வயல் வரை கொண்டுபோய் இறக்கியது. அக்கா முதல் வேலையாக ஒரு மருத மரக்கிளையில் தூக்குத் தராசைக் கட்டினார். ஒவ்வொரு முதுகுப்பையையும் அதில் தொங்கவிட்டுப் பார்த்தார். பதினைந்து கிலோவுக்கு மேல் ஒருவர் முதுகிலும் ஏறக்கூடாதாம். மாமாவின் பை கொஞ்சம் கூட இருந்தது. அக்கா அதிலிருந்து இரண்டு மீன் டின்களை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மாமாவின் முகம் விழுந்துவிட்டது.

"மிஸ், இதெல்லாம் ஒரு பாரமா? இத எண்ட மருமகளே தூக்குவாள்," என்று என்னைக் காட்டினார்.

"மருமகள் தூக்கட்டும் அண்ணன். நீங்க இதுக்கு மேல தூக்கப்படாது."

சுமக்கிறவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் ஒரே பானையில் சாப்பாடு, படுக்கக் கூடாரம், காலுக்குச் சப்பாத்து, யாருக்காவது ஏதாவது நடந்தால் ஆஸ்பத்திரியும் குணமாகும் வரை சம்பளமும் தன் பொறுப்பு என்றும் அக்கா சொன்னார். மாமா அதையெல்லாம் தேர்தல் கூட்டத்தில் பேச்சுக் கேட்பதைப் போலத் தலையாட்டிக் கேட்டார். அவர் மனம் தராசிலேயே நின்றது. மில்லில் தராசு முதலாளியின் பக்கத்து ஆள். நிறை குறைந்தால் முதலில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது நாட்டாமையின் முகத்தைத்தான்.

"நம்மளக் கள்ளரெண்டு நினைக்கிறா போல கா," என்று அம்மாவின் காதில் முணுமுணுத்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பற்றைக் காட்டு வழியே நடந்தோம். மாமா புதுச் சப்பாத்தில் வாத்து நடை நடந்தார். "என்ன, முதுகு குளிருதா?" என்று கூட்டாளிகள் சீண்டிக்கொண்டே வந்தார்கள். மலைக்குக் கிட்ட ஒரு மாட்டுப்பட்டி வந்தது. பட்டிக்காரர் மாமாவுக்குத் தெரிந்தவர். அன்று தோய்ந்த எருமைத் தயிர் சட்டி சட்டியாக அடுக்கியிருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் வந்துவிட்டு ஒரு விருந்தாளி தயிர் தின்னாமல் திரும்புவதா? அது மாமாவால் தாங்கமுடியாத விசயம். முதுகு வேறு சும்மா கிடக்கிறது. விருந்தாளிகள் எருமைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், பட்டிக்குப் பின்னால் போய் மூன்று சட்டிகளை வைக்கோல் சுற்றித் தன் பைக்குள் இறக்கினார். உச்சியில் வைத்துத் திறந்து எல்லோரையும் வாய்பிளக்க வைப்பது அவர் திட்டம். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்துக் கண்ணடித்தார். அது மிகச் சரியான காரியமாகவே எனக்கும் தோன்றியது.

நெல் மூடை முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். தயிர்ச்சட்டிக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. பாறைச் சரிவில் பாதி ஏறியதும் பை ஒரு பக்கம் சாய்ந்தது, மாமா மறுபக்கம் சாய்ந்தார், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சறுக்கிக்கொண்டு போனார்கள். ஒரு வெடிப்பில் கால் மாட்டி நின்றது. சட்டி உடைகிற சத்தம் கேட்டது. அவருடைய முதுகிலிருந்து வெள்ளையாக என்னவோ வழிவதைப் பார்த்து, கண்ணாடி போட்ட பருத்த விருந்தாளி ஒருவர் ஐயோ என்று அலறினார். நான் அவரைவிடப் பெரிதாக அலறினேன். அம்மாதான் கிட்டப் போய் மணந்து பார்த்துவிட்டு, "இது தயிர் கா!" என்றார்.

சிரிக்கிற நிலைமையில் மாமா இல்லை. கால் வீங்கத் தொடங்கியிருந்தது. "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்று பையோடேயே எழும்பப் பார்த்தார், விழுந்தார், மறுபடியும் எழும்பப் பார்த்தார். மில்லில் விழுந்தால் முதலாளி காண்பதற்கு முன் எழும்பிவிட வேண்டும். முந்தின வருடம் மூடைக்கடியில் விழுந்து இடுப்பு ஒடிந்த ஒருவருக்கு மில்லிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் போனது. அவர் இடத்துக்கு விடிந்ததும் வேறு ஆள் வந்தான். மாமாவுக்கு இருந்தது அந்த முதுகும் அதைத் தாங்குகிற இரண்டு கால்களும்தான். அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அக்கா இறங்கி வந்து, பையைக் கழற்றி, சப்பாத்தை அவிழ்த்துக் காலுக்குத் துணி சுற்றினார். பிறகு பையைத் திறந்தார். இரண்டு சட்டி தூள், ஒன்று முழுசாக இருந்தது.

"இனி என்னக் கூப்பிடமாட்டீங்க, என்ன மிஸ்?" என்றார் மாமா.

"தராசில நிறுத்த பிறகு ஒளிச்சுவெச்சுப் பாரத்தக் கூட்டினதுக்கு உங்களுக்கு நல்ல ஏச்சு இருக்கு அண்ணன். அத பிறகு ஆறுதலா ஏசுறன். இப்ப காலப் பாப்பம். ஏச்சு வேற, கால் வேற."

இரண்டு கம்பு வெட்டி, உடுத்துகிற சாரங்கள் இரண்டைக் கோத்து ஒரு தூளி கட்டினார்கள். கூட்டாளிகளும் அக்காவும் விருந்தாளிகளும் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். ஊரார் பாரமெல்லாம் சுமந்த மாமா, தப்பிய தயிர்ச்சட்டியை நெஞ்சில் அணைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார். "இடப்பக்கம் கல்லு, பாத்து, பாத்து" என்று கொஞ்ச நேரம் வழி சொன்னார். பிறகு, "பாரமா இருக்கா தம்பி?" என்று கேட்டார். வேர்வையில் கண்ணாடி நழுவிக்கொண்டிருந்த அந்தப் பருத்த விருந்தாளி மூச்சு வாங்க, "இல்ல அண்ணன், பாரமே இல்ல" என்று பச்சைப்பொய் சொன்னார். மாமா தன் துவாயை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

பட்டியில் இறக்கி, எல்லோரும் சுற்றியிருந்து சோற்றில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டோம். முதல் அகப்பை மாமாவுக்குப் போனது. அங்கிருந்து உழவு இயந்திரம், பிறகு மட்டக்களப்பு ஆஸ்பத்திரி. கால் தேறும் வரை, சொன்னபடியே அக்கா சம்பளத்தோடு வீட்டுக்கு வந்துபோனார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்குவார். ஏச்சும் தவறாமல் கிடைத்தது. மாமா சவரம் செய்து, சுத்தமான சாரம் கட்டி, கதிரையில் ஒழுங்காக உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டார். நல்ல நீளமான ஏச்சு. முடிந்ததும் அடுத்த கூட்டம் எப்போது வருகிறது என்று கேட்டார்.

அந்த அக்காவுக்கு நான் இன்றைக்கும் நன்றியுடையவள். ஆனால் எதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்பது விளங்க எனக்கு நிறைய வருடங்கள் பிடித்தன. மில்லில் எத்தனையோ தராசுகள் இருந்தன. எல்லாம் நெல்லை நிறுத்தன. நெல்லுக்குக் கீழே குனிந்து நின்ற மனிதருக்கு எவ்வளவு தாங்கும் என்று ஒன்றுகூடக் கேட்டதில்லை. மருத மரத்தில் தொங்கிய தராசு மாமாவின் பக்கத்து ஆள் என்பது அன்று எனக்கும் தெரியவில்லை, மாமாவுக்கும் தெரியவில்லை. தூளியில் போகும்போது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நான் தூளிக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே அம்மாவிடம், மாமா ஏன் முகத்தை மூடியிருக்கிறார், வெயில் சுடுகிறதா என்று கேட்டேன். அம்மா தலையாட்டி, ஓம் என்றார். வெயில் அப்போது மலைக்குப் பின்னால் போயிருந்தது.