கனீஸ் பாத்திமா கேட்ட சத்தியம்

முல்லா வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல் கடை வைத்திருந்த மொய்னுதீனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கனீஸ் பாத்திமா, இளையவள் ஷாஜாதி. மனைவி இளையவளின் பிரசவத்திலேயே இறந்துபோனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகளுக்குக் கோட்டு தைக்கப் போய்வந்த மொய்னுதீன், அந்த வீட்டுப் பெண்கள் படிப்பதைப் பார்த்துவிட்டுத் தன் மூத்த மகளையும் காலேஜில் சேர்த்தார். சந்துக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் கவலைப்படவில்லை. அது 1974.

பாத்திமா எடுத்தது பி.ஏ. வரலாறு. அதில் இங்கிலாந்து வரலாறு ஒரு பாடம். பாடப் புத்தகத்தின் முதல் சில பக்கங்களில் ஆங்கிலோ-சாக்சன்கள் வருவார்கள்; ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், நார்மானியர்கள் வந்து பிடிப்பதற்கு முந்தி இங்கிலாந்தில் இருந்த ஜனங்கள். பரீட்சையில் அதிலிருந்து கேள்வி வராது என்று மற்ற பெண்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிட்டார்கள். பாத்திமாவுக்கு அவைதான் பிடித்திருந்தன. லைப்ரரியில் வேறு புத்தகங்களையும் தேடிப் படித்தாள்.

"அத்தா, அவங்கள்ல கல்யாணத்துக்கு மறுநா காலையில புருஷன் பொண்டாட்டிக்கு ஒண்ணு குடுக்கணுமாம். நெலமோ நகையோ. அது அவளுக்கே சொந்தம். யாரும் திருப்பிக் கேக்க முடியாது."

"நம்ம மஹர் மாதிரியா?" என்றார் மொய்னுதீன், ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே.

"அதே மாதிரிதான்."

"பரவாயில்லையே, வெள்ளைக்காரன் கூட ஒரு காலத்துல நல்லாத்தான் இருந்திருக்கான்."

படித்து முடித்ததும் டீச்சர் வேலைக்கு அலைந்தாள். கிடைக்கவில்லை. கடைசியில் ஊர் எல்லையில் இருந்த மேட்டுப்பாளையத்தில் பம்பு மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க் வேலை கிடைத்தது. செம்புக் கம்பிச் சுருள், போல்ட்டு, பேரிங் எல்லாம் அவள் பொறுப்பு. ஸ்டோருக்கு இரண்டு சாவி. ஒன்று அவளிடம், இன்னொன்று ஸ்டோர் ஆபீசர் ஜானகிராமனிடம்.

சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டுக்குள் எல்லோரும் கூடி உட்கார்வார்கள். வைண்டிங் பிரிவு அஞ்சலாட்சி அவளுக்கு நெருக்கமான சிநேகிதி. ஒருத்தி டப்பாவிலிருந்து இன்னொருத்தி கேட்காமலே எடுத்துச் சாப்பிடுவாள். பாத்திமா கதை சொன்னால் கேட்க ஒரு கூட்டம் சேரும். அந்தப் பழைய ஜனங்களின் சட்டத்தில் கட்டைவிரல் போனால் ஒரு விலை, முன்பல் போனால் ஒரு விலை, நகத்துக்குக்கூட விலை என்று ஒருநாள் சொன்னாள். பிரஸ் மெஷினில் கட்டைவிரலைப் பறிகொடுத்த கண்ணையன் தன் கையைத் தூக்கிக் காட்டினான்.

"எனக்குப் பதினஞ்சு நாள் லீவு குடுத்தானுங்க. அதுவும் சம்பளம் இல்லாத லீவு. நான் அந்த ஊர்லயே பொறந்திருக்கலாம் போல."

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு நாள் விசாரணை முறையைச் சொன்னாள். ஒருவன்மேல் பழி விழுந்தால், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் பிடித்து நடக்கவைப்பார்களாம். புண் சீழ் பிடிக்காமல் ஆறினால் நிரபராதி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வழி உண்டு. அவனைத் தெரிந்தவர்கள் சிலர் வந்து, 'இவன் சத்தியம் சுத்தமானது' என்று சத்தியம் செய்தால் போதும், விட்டுவிடுவார்கள். கண்ணால் பார்த்த சாட்சி தேவையில்லை. ஆளைத் தெரிந்திருந்தால் போதும்.

"அது நல்லாருக்கே. உனக்கு ஒண்ணுன்னா நான் வந்து செய்றேன்டி சத்தியம்," என்றாள் அஞ்சலாட்சி.

"ஆனா ஒரு பிரபுவோட சத்தியம் ஆறு குடியானவங்க சத்தியத்துக்குச் சமம். அடிமைக்குச் சத்தியமே கெடையாது."

"அங்கயும் அப்பிடித்தானா," என்றான் கண்ணையன்.

1982-இல் ஒரு திங்கட்கிழமை ஸ்டோரைத் திறந்தபோது செம்புக் கம்பிச் சுருள்கள் குறைந்திருந்தன. பூட்டு உடைபடவில்லை. பாத்திமாவே ஓடிப்போய் ஜானகிராமனிடம் சொன்னாள். சாயங்காலத்துக்குள் அவள் கையில் தற்காலிக வேலைநீக்க உத்தரவு இருந்தது.

யூனியன்காரர்களிடம் போனாள். "கிளார்க்கு எங்கள்ல சேராதும்மா" என்று முடித்துக்கொண்டார்கள். விசாரணைக்கு அவள் பக்கத்து ஆட்களை அழைத்துவரலாம் என்று உத்தரவில் இருந்தது. அது ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டாள். தெரிந்தவர் வீடு ஒவ்வொன்றாகப் போனாள். தினமும் அவள் பையைச் சோதித்து வெளியே அனுப்பிய வாட்ச்மேன் பக்கிரி, கண்ணையன், அஞ்சலாட்சி.

"திருடுனது யாருன்னு நீங்க சொல்ல வேணாம். நான் எப்படிப்பட்டவள்னு மட்டும் சொன்னாப் போதும்," என்றாள் எல்லோரிடமும்.

"இத கூட செய்ய மாட்டனா? வரேன் போ," என்றாள் அஞ்சலாட்சி. பக்கிரி மார்பில் கை வைத்து, வருவதாகச் சொன்னார். கண்ணையன் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

விசாரணை அன்று ஆபீஸ் வாசலில் போட்டிருந்த பெஞ்சில் பாத்திமா காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே ஷெட்டில் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. பக்கிரியை அன்றைக்குப் பார்த்து வேறு கேட்டுக்கு மாற்றியிருந்தார்கள். கண்ணையன் லீவு. அஞ்சலாட்சி ஜன்னல் வழியாகத் தெரிந்தாள். தலையைக் குனிந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள்.

பாத்திமாவை உள்ளே கூப்பிட்டபோது அவளுக்காக வந்தது வீராயி மட்டும்தான். ஷெட்டு கூட்டுகிறவள். அவளிடம் பாத்திமா கேட்கக்கூட இல்லை. துடைப்பத்தை வாசலில் சாத்திவிட்டு உள்ளே நுழைந்தாள்.

"இந்தப் பொண்ணு எடுத்திருக்காதுங்க. கீழ கெடந்த போல்ட்ட கூட என்னாண்ட குடுத்து உள்ள போடச் சொல்லும்."

விசாரணை அதிகாரி ஜானகிராமனைப் பார்த்தார். "இவங்க யாரு?"

"கான்ட்ராக்ட்டு ஆளு சார். நம்ம ரோல்ல இல்ல."

"அப்ப பதிவு பண்ண முடியாது. போம்மா."

பாத்திமா எழுந்து, குர்ஆன்மேல் சத்தியம் செய்கிறேன் என்றாள். "இங்க சத்தியமெல்லாம் கெடையாது. சாட்சி இருந்தா சொல்லுங்க," என்றார் அதிகாரி. ஜானகிராமனிடம் ஒரே கேள்விதான் கேட்டார். தன் சாவி தன்னைவிட்டு எங்கும் போகவில்லை என்றார் ஜானகிராமன். அதோடு விசாரணை முடிந்தது. பாத்திமாவுக்கு வேலை போனது. அடுத்த வாரம் வீராயியையும் நிறுத்தினார்கள். பாத்திமா அவளைத் தேடிப் போனாள். அதற்குள் குடிசையைக் காலி செய்துவிட்டிருந்தாள். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

கம்பி யார் எடுத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. ஷாஜாதிக்குக் காரைக்காலில் பேசி முடித்திருந்த சம்பந்தம் மட்டும் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லவில்லை. வெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். மொய்னுதீன் மெஷின் முன்னால் உட்கார்வார், தைக்கமாட்டார். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அவரை அடக்கம் செய்த அன்று, துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு, ஷாஜாதி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். கோச்சுக்காத. நெசமாவே நீ எடுக்கலதான?"

மூன்று வருஷமாக ஒரே கூரையின் கீழ் அந்தக் கேள்வியைத் தங்கை மனதில் வைத்திருந்திருக்கிறாள் என்பதுதான் பாத்திமாவுக்கு உறைத்தது.

"எடுக்கல," என்றாள்.

"சரி," என்றாள் ஷாஜாதி. நம்பினாளா என்று தெரியவில்லை. அடுத்த வருஷம் நாகூரில் மனைவியை இழந்த, வயதான ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். முதல் பெருநாளுக்கு வந்தாள். பிறகு வரவில்லை.

அஞ்சலாட்சியை ஒருமுறை பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கும் இடத்தில் பார்த்தாள். ஒதுங்கிப் போக வழியில்லை.

"நான் வந்திருந்தா என்னையும் அனுப்பிருப்பானுங்க பாத்திமா. ரெண்டு புள்ளைங்க எனக்கு. நீயே சொல்லு."

"நீ சொல்றது சரிதான்," என்றாள் பாத்திமா. உண்மையிலேயே அது சரி என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கோபப்பட முயன்று பார்த்தாள். வரவில்லை.

அப்பாவின் மெஷினில் பாவாடையும் ஜாக்கெட்டும் தைத்துப் பிழைத்தாள். சந்துப் பெண்கள் துணி கொண்டுவந்து கொடுத்தார்கள். கூலி குறைவு, தையல் சுத்தம். கொடுக்கும்போது அவள் எதிரிலேயே துணியை விரித்து, இத்தனை மீட்டர் என்று சொல்லி அளப்பார்கள். முதலில் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். 1988 வாக்கில், யாராவது துணியோடு படியேறினால், கேட்பதற்கு முன்பே டேப்பின் ஒரு நுனியை அவர்கள் கையில் கொடுத்து மறுநுனியைத் தான் பிடித்துக்கொள்வாள்.