ரிமோட் கார் திரும்பி வராமல் இருக்க

முதலில் 'கிர்ர்ர்' என்று பல் உடைந்த சக்கரத்தின் சத்தம், அடுத்து ஒரு குழந்தையின் அழுகை, அதற்கும் அப்புறம்தான் வாசலில் வாடிக்கையாளர் முகம்: ரிமோட் கார் விற்கிற தொழிலில் மாலை வியாபாரம் இப்படித்தான் தொடங்கும்.

பிள்ளைக்கென்று வாங்கி மாட்டிக்கொண்ட பெற்றோரே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பொம்மைக் கடையில் மாலை வேலை பார்த்தேன். இரவெல்லாம் ஓட்டல் காவல். பகலில் தூக்கம் பிடிக்காது. படுத்துக் கூரையைப் பார்ப்பதற்குப் பதில் பழுதான கார்களைப் பிரித்துப் பிரித்தே ரிப்பேர் பழகினேன். அந்த நவராத்திரித் தொடக்கத்தில் முதலாளி சொல்லிவிட்டார்: "இன்னொரு காரு திரும்பி வந்துச்சுன்னா, நீயும் அதோட வூட்டுக்குக் கிளம்பு." காவல் சம்பளத்தில் மட்டும் அடுப்பு எரியாது. ஆகவே ஆளைப் பார்த்துச் சரியான காராகக் கொடுப்பதென்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

யாருக்குக் கார்?

மதுராந்தகத்து நெல் வியாபாரி ஒருவர், நாலு வயதுப் பையனோடு வந்தார். மெதுவாக ஓடும், பெரிய சக்கரம் வைத்த காரைக் காட்டி, "இடிச்சாலும் தாங்கும்ணே" என்றேன். பையன் அதையே கட்டிப்பிடித்துக்கொண்டான். அப்பா அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, அலமாரி உச்சியிலிருந்த சிவப்பு ரேஸ் காரை இறக்கச் சொன்னார்.

கடை வாசலில் அவரே ஓட்டினார். பெட்டிக்கடை வரைக்கும் போனது, வந்தது, மறுபடி போனது. பையன் ரிமோட்டுக்குக் கை நீட்டி நீட்டிக் கடைசியில் அழுதேவிட்டான். அவர் கண்ணை எடுக்காமலே அதட்டினார்: "கம்முனு இருடா, உனக்காகத்தான்டா ஓட்டிப் பாத்துகினு கீறேன்!"

ஒரே நிறம்

திருவிடந்தையிலிருந்து ஒரு டீச்சரம்மா. இரண்டு பையன்களுக்கு இரண்டு கார், அச்சு அசலாக ஒரே மாதிரி வேண்டுமாம். பெட்டியில் போட்டிருக்கும் அலைவரிசை எண்ணைக் காட்டினேன்: எண் ஒன்றாக இருந்தால் ஒருத்தன் பட்டனை அழுத்த, இன்னொருத்தன் காரும் சேர்ந்து ஓடும், நிறம் வேறானாலும் எண் வேறாக எடுங்கள் என்றேன். "நிறம் மாறினா வீடு ரெண்டுபடும் சார்" என்று ஒரே மாதிரியே வாங்கிப் போனார்.

மறுவாரம் அவர் கடைப் படியேறியபோது முதலில் என்ன கொண்டுவருகிறார் என்றுதான் பார்த்தேன். கையில் பெட்டி இல்லை, பேட்டரி வாங்க வந்திருந்தார். "ரெண்டும் சேர்ந்து ஓடுமே, தொந்தரவு இல்லையா?" என்று கேட்டுவைத்தேன். அலுத்துக்கொண்டே சொன்னார்: "ஓடட்டும் சார், எங்க வீட்டுல ஒத்துமையா ஒரே பக்கம் போறது அதுங்க ரெண்டுதான்."

நாலு சக்கரம், நாலு எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் முதலாளியே தன் மகளுக்குக் கார் எடுத்தார். அதே பெரிய சக்கரக் காரைத்தான் நான் எடுத்து வைத்தேன். "முதலாளி வூட்டுக்கு இதுவா போவும்?" என்று, லைட்டும் ஹாரனும் வைத்த பெரிய காரைத் தூக்கிக்கொண்டு போனார். புது வண்டியாயிற்றே, வீட்டில் சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் நடந்திருக்கிறது. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழமும் வைத்திருக்கிறார். லாரி நசுக்கும், பொம்மை நசுக்குமா? மகள் பட்டனை அழுத்த, இவர் காரின் மேலே உள்ளங்கையை வைத்து அமுக்கியிருக்கிறார்.

பூஜை முடிந்த மறுநாள், ரிப்பேருக்கு வந்த ஒரு காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி செய்தித்தாளில் எதையோ சுற்றி எடுத்து வந்தார். பிரித்தால் எலுமிச்சை வாசம். பேட்டரிக் குழியில் சாறு, உள்ளே பல்சக்கரம் தூள். அவர் சொன்ன 'இன்னொரு காரு' இதுதானே! கடையில் வேறு யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, குரலை இறக்கிச் சொன்னார்: "இது திரும்பி வந்த கணக்குல வராது நைனா, கடைச் சரக்கு, கொஞ்ச தூரம் போய்ட்டு கடைக்கே வந்துகீது, அவ்ளோதான்."

காரைத் தேர்ந்தெடுக்க ஆயிரம் யோசனை சொல்லலாம், வாங்குகிற ஆளைத் தேர்ந்தெடுக்கத்தான் வழியில்லை என்று எண்ணிக்கொண்டே, பழைய பல் பிரஷ்ஷை எடுத்து, பாதியில் விட்ட காரின் சக்கரத்திலிருந்து கடல் மணலைத் தட்ட ஆரம்பித்தேன்.